மூன்று 33கே போட்டதும் அடங்கிய ‘உஸ்’

கிதார் ட்யூப் பிரீஆம்பின் (வால்வு வைத்த முன்பெருக்கி) ‘உஸ்’ இரைச்சல் ஒருவழியாக அடங்கிவிட்டது. கெயின் முழுசாகத் திறந்திருந்தாலும் ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் கேட்கிறது. 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ மட்டும் பாக்கி.

சர்க்யூட் வழக்கமானதுதான். முதல் வால்வு 12ஏஎக்ஸ்7, அதன் பிளேட்டில் 100கே (கிலோஓம்) ரெசிஸ்டர், கேத்தோடில் 1.5கே, அதற்குக் குறுக்கே 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பி பிளஸ் (வால்வுக்கான உயர் டிசி சப்ளை) 280 வோல்ட், பிளேட்டில் 180. ஆக அந்த 100கே மேல் எந்நேரமும் 100 வோல்ட் நிற்கிறது. வினையே அங்கேதான். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டரில் சூட்டினால் வரும் இரைச்சல் போக, தன்மேல் நிற்கும் டிசி வோல்டேஜுக்கு ஏற்பக் கூடுகிற இன்னோர் இரைச்சலும் உண்டு. கேத்தோடில் ஒன்றரை வோல்ட்தான். அதையும் கெப்பாசிட்டர் விழுங்கிவிடும். போர்டு முழுக்க மெட்டல் ஃபிலிமாக மாற்றுவதெல்லாம் வெட்டி வேலை. முதல் ஸ்டேஜ் பிளேட் ரெசிஸ்டரை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

மாற்றும் முன் உறுதி செய்துகொள்ள: முதல் வால்வின் கிரிட்டை (சிக்னல் நுழையும் கால்) கிரவுண்டோடு கிளிப் போட்டு ஷார்ட் செய்யுங்கள். ‘உஸ்’ அப்படியே இருந்தால் வால்வோ பிளேட் ரெசிஸ்டரோதான். வால்வை மாற்றியும் போகாவிட்டால் ரெசிஸ்டரே. நடுநடுவே ‘சடசட’ என்று வெடித்தால் சந்தேகமே வேண்டாம். ரெசிஸ்டரைத் தட்டிப் பார்க்க ஊதுபத்திக் குச்சி நல்லது. பென்சில் கூடாது, உள்ளே இருப்பது கிராஃபைட். 280 வோல்ட் கைக்கு வந்துவிடும்.

அடுத்த தொல்லை, சரக்கு. கிருஷ்ணகிரியில் 1 வாட் மெட்டல் ஃபிலிம் கேட்டால் மெட்டல் ஆக்சைடை எடுத்து நீட்டுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், இரைச்சலில் ஒன்றல்ல. பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போக நேரமில்லாதவர்களுக்கு ஒரு வழி: கால் வாட் 33கே மெட்டல் ஃபிலிம் மூன்றை வரிசையாகக் கோத்தால் 99கே. ஒவ்வொன்றின் மேலும் 33 வோல்ட்தான் நிற்கும், 33 மில்லிவாட்தான் சூடு. இதில் ஒரு லாபமும் இருக்கிறது. மூன்றின் இரைச்சலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்பதால் நேராகக் கூடாது. அதே வகை ஒற்றை ரெசிஸ்டர் தரும் வோல்டேஜ் இரைச்சலில் சுமார் 58 சதவீதம்தான் வரும். இணைப்புகளை அந்தரத்தில் தொங்கவிடாமல் டேக் ஸ்ட்ரிப்பில் (பற்றவைக்கும் காதுகள் கொண்ட பட்டை) பற்றவையுங்கள். அரைகுறைப் பற்றவைப்பும் இதே ‘சடசட’வைத் தரும், பிறகு புது ரெசிஸ்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கிரிட் ஸ்டாப்பரை (கிரிட்டுக்கு முன் வரிசையில் நிற்கும் ரெசிஸ்டர்) 68கே-யிலிருந்து 10கே ஆக்கினேன். 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்குப் போட்டால் அதன் வெப்ப இரைச்சல் 4.7 மைக்ரோவோல்ட்டிலிருந்து 1.8-க்கு இறங்குகிறது. ரெசிஸ்டரை ஜாக்கில் வைக்காமல் வால்வு சாக்கெட்டின் காலிலேயே வையுங்கள், இல்லாவிட்டால் ரேடியோ பாட்டு இலவசம். சோதிக்கும்போது கிதார் வால்யூமை நடுவில் வைத்தும் கேளுங்கள். 500கே பாட் பாதி மதிப்பில் நிற்கும்போது ஆம்புக்கு 125கே சோர்ஸ் போலத் தெரியும். அங்கே வரும் ‘உஸ்’ ஆம்புடையது அல்ல, அதைத் துரத்தவும் முடியாது.

இனி அந்த ‘ம்ம்ம்’. பி பிளஸை 220கே, 47கே கொண்டு பிரித்து, வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் சப்ளையின் சென்டரை 49 வோல்ட்டுக்கு உயர்த்தியதில் பாதி போனது. மீதிக்கு முதல் வால்வுக்கு மட்டும் டிசி ஹீட்டர்: 4, 5 கால்களுக்கு 12.6 வோல்ட், 150 மில்லிஆம்பியர். 12 வோல்ட் ரெகுலேட்டரான 7812-இன் கிரவுண்ட் காலில் ஒரு 1என்4007 டயோடு போட்டால் 12.7 கிடைக்கும். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்றுதான் எழுதுவார்கள். நம் கிராமப்புறத்தில் பாசன மோட்டார் ஓடும் நேரம் லைன் 190-க்கு இறங்கினால் டயோடு பிரிட்ஜுக்குப் பிறகு அதில் 12.6 வோல்ட்தான் மிஞ்சும். ரெகுலேட்டருக்கு 14.7-ஆவது வேண்டும், அது விட்டுக்கொடுத்துவிட்டால் 50-க்குப் பதில் 100 ஹெர்ட்ஸ் வந்து உட்காரும். 15 வோல்ட் என்றால் அதே 190-இலும், 2200 மைக்ரோஃபாரட் வைத்து ரிப்பிள் கழித்து, 15.4 நிற்கும். லைன் 230 வரும்போது 7812-இல் சுமார் ஒரு வாட் சூடாகும், சின்ன ஹீட்சிங்க் போதும். காயில் சுற்றுகிற கடையில் 15 வோல்ட், அரை ஆம்பியர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.