டர்போவைக் கழற்றும் முன்: பழைய 944-இல் பூஸ்ட் தேடிய அனுபவம்

என்னுடையது 1986 மாடல் போர்ஷே 944 டர்போ. 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர். நான் இருப்பது ஜெர்மனியில் ஹைல்பிரான் பக்கம். இந்தக் கார் உருவான நெக்கர்சூல்ம் பக்கத்து ஊர்தான். கொஞ்ச நாளாகவே வண்டியின் இழுவை குறைந்துகொண்டு வந்தது. மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தாலும் முதுகை சீட்டோடு அழுத்தும் அந்தத் தள்ளல் இல்லை. டர்போ இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். அதைக் காட்டும் மீட்டரின் முள் 1.4 பாரைத் தாண்டவே மறுத்தது.

இந்த மீட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே காட்டும். அதாவது 1.75 என்றால் டர்போ தருவது 0.75 பார், அதுதான் இந்த மாடலுக்கு முழு பூஸ்ட். 1.4 என்றால் கிட்டத்தட்ட பாதிதான் வருகிறது.

வண்டியைக் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், டர்போ போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. புகைக்குழாயில் நீலப் புகை இல்லை, விசில் சத்தம் மாறவில்லை. காற்று உள்ளே போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருந்தது, அது இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் அசையவே இல்லை. டர்போ நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து, முள் எப்படி நிற்கிறது என்று கவனித்தேன். இந்த வண்டியில் கேஎல்ஆர் என்ற கண்ட்ரோல் யூனிட் ஒரு சின்ன மின்வால்வை இயக்கி வேஸ்ட்கேட்டுக்குப் (பூஸ்ட் அளவு மீறாமல் இன்ஜின் புகையை டர்போவுக்குள் விடாமல் திருப்பிவிடும் கதவு) போகும் அழுத்தத்தைக் குறைக்கும். அப்போதுதான் பூஸ்ட் மேலே ஏறும். அந்த வால்வு வேலை செய்யாவிட்டால் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் விடுகிற அளவோடு பூஸ்ட் நின்றுவிடும், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில். எனக்கு அப்படி இல்லை. முள் தாமதமாக ஏறியது, ஒரு நாள் 1.4, இன்னொரு நாள் 1.3. கூடவே கொஞ்சம் கறுப்புப் புகை. அளந்து உள்ளே விட்ட காற்று வழியில் எங்கேயோ வெளியேறினால்தான் பெட்ரோல் மிஞ்சிப்போய் இப்படிப் புகையும். மின்வால்வுக்கு 12 வோல்ட் கொடுத்தும் பார்த்தேன். டிக் என்று சத்தம் வந்தது. சரி, காற்றுக் கசிவுதான்.

அதைக் கண்டுபிடிக்க வண்டி ஓட வேண்டியதில்லை. டர்போவின் வாயில் ஒரு பிவிசி மூடியை கிளாம்ப் போட்டு இறுக்கி, அதில் பொருத்திய டயர் வால்வு வழியாகக் காற்றடித்தேன். அரை பாருக்கு மேல் போகாதீர்கள். அந்த அழுத்தம் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்கும் போகும், பழைய ஆயில் சீல்கள் தாங்காது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில், ரப்பர் இணைப்பில், கிளாம்ப்புக்கு அடியில், நுரை பொங்கியது. கழற்றிப் பார்த்தால் மேலே பளபளவென்று இருந்த ரப்பர், உள்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. வெளியிலிருந்து எத்தனை முறை பார்த்தாலும் தெரிந்திருக்காது.

அதை மாற்றியதும் 1.55 வரை வந்தது. இன்னும் ஏதோ மிச்சம். கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப்பை பைபாஸ் வால்வில் மாட்டி இழுத்தால் பம்ப்பின் முள் ஏறிய வேகத்தில் கீழே விழுந்தது. உள்ளே டயஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு கிழிசல். ஆக்ஸிலரேட்டரை விடும்போது மட்டும் திறக்க வேண்டிய வால்வு அது. டயஃப்ரம் கிழிந்தால் பூஸ்ட் நேரத்திலும் சரியாக மூடாது, டர்போ அழுத்திய காற்று சுற்றிக்கொண்டு டர்போவுக்கே திரும்பிப் போகும். வேஸ்ட்கேட்டையும் பம்ப் வைத்து சோதித்தேன். அது அழுத்தத்தைப் பிடித்து நின்றது.

கஷ்டமான வேலை அப்புறம்தான் வந்தது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் சின்ன வேக்குவம் குழாய்கள் வறண்டு, தொட்டால் பொடிந்தன. மேனிஃபோல்டைக் கழற்றாமல் கை போகாது. எப்படியும் திறக்கிறோமே என்று எல்லாவற்றையும் சிலிக்கான் குழாய்களாக மாற்றிவிட்டேன். இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றே சொல்வேன். இந்த வயதுள்ள வண்டியில் ஒன்று போனால் அடுத்ததும் போகும்.

ஆட்டோபானில் மூன்றாவது கியரில் மிதித்தேன். முள் 1.75-க்குப் போய் நின்றது, ஐடிலில் இருந்த தடுமாற்றமும் போய்விட்டது. புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் படிந்து இளகும், அதனால் சில ஓட்டங்களுக்குப் பிறகு, வண்டி ஆறியதும் கிளாம்ப்புகளை ஒரு சுற்று இறுக்கினேன்.