வளர்ந்து போடட்டும் என்று வாங்கக் கூடாத சட்டை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஏரிக்கரைகளில் படகை வாடகைக்கு எடுக்கப் போனால், ஆளுக்கொரு மிதவை அங்கியை நீட்டிவிட்டுத்தான் மற்றக் கதை. முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்து வளர்ந்த பெரியவர்களுக்கு அது சுருக்கென்று குத்தும். "எனக்கு நீந்தத் தெரியும், பிள்ளையளுக்குக் குடுங்கோ" என்று கையால் விலக்குவார்கள். கொக்கிளாயிலும் நாயாற்றிலும் அலையோடு புரண்ட உடம்பு. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அவர்களுக்கு நீச்சல் தந்த தண்ணீர் வேறு.

ஊர்க் கடல் 28 பாகை செல்சியஸ் அளவில் கிடக்கும். இங்கே மே மாதத்தில் வெயில் எறித்தாலும் பெரிய ஏரிகளின் தண்ணீர் பல இடங்களில் 10 பாகையைத் தொடாது. அதற்குள் விழுந்தவருக்கு மூச்சு தன்பாட்டில் இழுக்கும். அதை அடக்கவே முதல் 1 நிமிடம் போய்விடும். அடுத்த 10 நிமிடத்துக்குத்தான் கைகால் சொல்வழி கேட்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம் ஆகும். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் குளிரை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ற் சொன்ன கணக்கு இது. குளிர் கொல்வதற்கு முதலே, கை ஓய்ந்து மூழ்கிப் போகிறவர்கள்தான் பலர். உப்பும் இல்லை. 70 கிலோ ஆளைக் கடல்நீர் நன்னீரைவிட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தாங்கும். கடலில் மட்டும் நீந்திப் பழகியவருக்கு ஏரியில் உடம்பு கனப்பது அதனால்தான்.

தலை தண்ணீருக்கு மேலே நிற்க, வளர்ந்த ஒருவருக்கு 3 முதல் 5.5 கிலோ வரை மேலதிக மிதப்புப் போதும். சில அங்கிகளின் லேபலில் இது நியூற்றனில் இருக்கும். 10 நியூற்றன் ஏறத்தாழ 1 கிலோ. 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி கிட்ட இருக்கும் இடத்தில். 100 அமைதியான நீருக்கு, 150 திறந்த கடலுக்கு, 275 பாரமான உடுப்போடு ஆழ்கடலில் வேலை செய்வோருக்கு. எண் கூடினால் நல்லது என்று எடுத்துவிட வேண்டாம். துடுப்புப் போட இடைஞ்சலான அங்கி அரை மணித்தியாலத்தில் கழன்று இருக்கைக்குக் கீழே போய்விடும்.

கனடாவில் இரண்டு வகை விற்கிறார்கள். மயங்கிய ஆளையும் மல்லாக்கப் புரட்டி முகத்தை மேலே வைக்க அமைந்தது லைஃப் ஜக்கெற். கழுத்தைச் சுற்றிப் பருமனாக இருக்கும். பீ.எவ்.டி. (PFD, தனிநபர் மிதவைச் சாதனம்) என்பது மெல்லியது, கை வீசத் தோதானது. ஆனால் புரட்டித் தரும் என்று அதை நம்பக் கூடாது. நீந்தத் தெரியாதவருக்கு முதலாவது. தூண்டில் போடுகிறவருக்கும் துடுப்புப் பிடிக்கிறவருக்கும், கழற்றாமல் போட்டிருப்பார்கள் என்றால், இரண்டாவது. எதுவானாலும் கனடாப் போக்குவரத்துத் துறையின் அங்கீகார லேபல் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெட்டித் தைத்துத் திருத்தினால் அங்கீகாரம் போய்விடும்.

இனிச் சொல்வதுதான் உண்மையான மனக்குறை. ஊரில் தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்க முன்னம், இரண்டு வருடம் போடட்டும் என்று வெள்ளைச் சட்டையை ஓர் அளவு பெரிதாகத் தைப்பிப்பது எங்கள் வழக்கம். அதே கையோடுதான் பிள்ளையின் மிதவை அங்கியையும் எடுக்கிறோம். சட்டை தொளதொளத்தால் பிள்ளை வளர்ந்து நிரப்பும். அங்கி தொளதொளத்தால் தண்ணீரில் அது மேலே மிதக்க, பிள்ளை கீழே வழுகும். வயதைச் சொல்லி வாங்காதீர்கள், தராசில் நிறுத்தி வாங்குங்கள்: 9 முதல் 14 கிலோ, 14 முதல் 27, 27 முதல் 41. அதற்கு மேல் நெஞ்சுச் சுற்றளவுதான் அளவு. 9 கிலோ வராத குழந்தையைப் படகில் ஏற்றவே வேண்டாம்.

போட்டுப் பார்க்கும்போது சிப்பையும் கொளுவிகளையும் பூட்டி, இடுப்புப் பட்டியிலிருந்து மேல்நோக்கி இறுக்குங்கள். பிறகு அங்கியின் தோள்களைப் பிடித்து மேலே தூக்குங்கள். நாடியோ காதோ உள்ளே போனால் அது பெரிது, கழற்றிவிடுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கால்களுக்கிடையே போகும் பட்டி, தலையைத் தாங்கும் காலர், பின்னால் பிடித்துத் தூக்கும் கைபிடி மூன்றும் வேண்டும். கடைசியாக இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். குளிர்ச்சட்டைக்கு மேலே போடுவதென்றால் குளிர்ச்சட்டையோடு போய் அளவு பாருங்கள்.

அம்மம்மாமாருக்கும் இதேதான். சேலை கசங்கும் என்று அங்கியை மடியில் வைத்துக்கொண்டிருப்பார்கள், பார்க்கச் சிரிப்பும் வரும், பாசமும் வரும். முந்தானையை இடுப்பில் சொருகிவிட்டு மேலால் பூட்டிவிடுங்கள். 2009இல் நந்திக்கடலைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்து வந்தவர்களும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை ஏறச் சொல்லி நெருக்க வேண்டாம். விருப்பப்பட்டால் கரையோரம் அங்கியோடு நின்று பழகட்டும். விருப்பமில்லையென்றால் கரையில் அடுப்பு மூட்டவும் ஆள் தேவைதான்.

 

காற்றடைக்கும் அங்கி இலேசானது, வேர்க்காது. 16 வயதுக்குக் கீழானவருக்கும் 36.3 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் அதற்கு அங்கீகாரம் இல்லை. ஜெற் ஸ்கீக்கும் கூடாது. வாயால் ஊதி ஓர் இரவு வைத்தால் ஒழுக்குத் தெரியும். அங்கியை விரிக்கும் வாயுச் சிலிண்டரைத் தராசில் நிறுத்து, அதில் பொறித்த நிறையோடு ஒப்பிடுங்கள். இந்த அங்கிக்கு மேலே எந்த உடுப்பும் போடக் கூடாது. விரியும்போது நெஞ்சை நெரிக்கும்.

முல்லைத்தீவிலோ நாச்சிக்குடாவிலோ தொழில் செய்கிற சொந்தங்களுக்கு வாங்கி அனுப்புவதென்றால் நுரை வைத்த அங்கியே சரி. காற்றடைக்கும் அங்கியின் சிலிண்டர் ஒருமுறை காலியாகிவிட்டால் மாற்றுச் சிலிண்டருக்கு அலைய வேண்டும். விமானத்தில் கொண்டுபோகவும் நிறுவனத்தின் அனுமதி கேட்க வேண்டும். நெஞ்சளவைத் தொலைபேசியில் கேட்டு வாங்குங்கள், விசிலும் கட்டிவிடுங்கள். வள்ளத்தில் அங்கியை விரித்து அதன்மேல் குந்தியிருந்தால் நுரை நசிந்து மிதப்புக் குறையும் என்பதையும், பெற்றோல் கானுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாமல் பூவரச மர நிழலில் கொடியில் போடட்டும்.