லோரி வந்துருச்சா

ஜனவரி 8, 2024, திங்கள்

விபத்தில் புத்தி தடுமாறிப்போன தம்பியின் பேங்க் கார்டு காலாவதி. புதுசு எடுக்க ஆள் நேரில் வரணும், பெருவிரல் வைக்கணும் என்றார்கள். வேன் பிடித்து, சக்கர நாற்காலியை மடக்கி ஏற்றி, தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அவன் சத்தம் போடவில்லை. சுவரில் ஓடிய டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெஷின் அவன் விரலை முதல் தடவையிலேயே படித்துவிட்டது. பச்சை விளக்கு எரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் விரலை எந்த மெஷினும் ஒழுங்காகப் படித்ததில்லை. முப்பது வருஷம் ரப்பர் பால்மரம் வெட்டிய கை. ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். போகிற இடமெல்லாம் துடை, ஈரத் துணியில் ஒற்று, மறுபடி வை என்பார்கள். கடைசியில் ஒரு பாரத்தை நீட்டுவார்கள்.

அப்புறம் கௌண்டரில் இருந்த பெண் குனிந்து தம்பியிடம் மலாயில் கேட்டார். கார்டு எதற்கு, யார் வைத்துக்கொள்வார்கள் என்று. தம்பி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"லோரி வந்துருச்சா?"

அந்தப் பெண் பாரத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். கோர்ட் ஓர்டர் இல்லாமல் முடியாது அக்கா, மன்னிச்சுக்குங்க என்றார்.

ஜனவரி 9

சொக்சோ, அதாவது தொழிலாளர் காப்புறுதிப் பணம், பேங்கில் இருக்கிறது. எடுக்க வழி இல்லை. பேம்பர்ஸ் 11 இருக்கிறது.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. பழைய பாயைக் கொளுத்தினோம். அந்தப் புகையோடு மாமாவும் வந்து சேர்ந்தார்.

"பவர் எழுதி வாங்கிடு. ஒரு கைநாட்டு, முடிஞ்சு போச்சு. அவன் கையப் பிடிச்சு நீ வச்சா எவன் வந்து கேக்கப் போறான்?"

நான் பதில் சொல்லவில்லை. அவருக்குக் கோப்பி ஆற்றிக் கொடுத்தேன். அப்புறம், வீட்டுக் கிராண்டு, அதான் பட்டா, எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதில் அப்பா போன பிறகு தம்பி பேர்தான் இருக்கிறது.

அவர் போன பிறகுதான் அந்த நீல மை ஞாபகம் வந்தது. 2022 செப்டம்பர், ஐசியூவில் மூன்றாவது நாள். தம்பியின் வலது பெருவிரலில் நீல மை. நர்ஸ் ஏதோ டெஸ்ட் எடுத்திருப்பார் என்று நினைத்து, எச்சில் தொட்டு நானே துடைத்தேன். டெஸ்டுக்கு யார் மை தடவுவார்கள்? அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

ஈப்போ. பாலர் பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு லோயரம்மாவைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். மேசையில் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே ஸ்டேப்ளர்.

மாமா சொன்ன பவரை முதலில் கேட்டேன். சிரித்தார். புத்தி தெளிவாக இருக்கிறவன்தான் பவர் கொடுக்க முடியும். அப்படிக் கொடுத்திருந்தாலும் பிற்பாடு புத்தி பேதலித்தால் அந்தப் பவர் அன்றோடு சரி. 1949 சட்டமே அப்படித்தானாம். "அது தேவைப்படுற நேரத்துலதாம்மா அது செத்துப்போகுது" என்றார்.

அப்போ வேறு என்ன வழி? 2001-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், 615-ஆம் சட்டம். போட்டது 2001-இல் என்றாலும் நடைமுறைக்கு வந்தது 2010-இல்தான். உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடணும். இவனால் தன்னையும் தன் காரியத்தையும் பார்த்துக்கொள்ள முடியாது என்று நீதிபதி விசாரித்து முடிவு செய்தால், ஒருவரைக் கமிட்டியாக நியமிப்பார். ஆளைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி, சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி. இரண்டுமே நானாக இருக்கலாம்.

கமிட்டி என்றதும் கோயில் கமிட்டிதான் மனதில் வந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், வருஷா வருஷம் ஒரு சண்டை. இங்கே எல்லாம் நான் ஒருத்திதான். சண்டை போடக்கூட ஆள் இல்லை.

மோட்டார் விபத்து வழக்கு இதிலிருந்து தனி. அது செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கும். வாகன விபத்து வழக்குக்கு அங்கே தொகை வரம்பு இல்லையாம். ஆனால் தம்பி தன் பேரில் தானே வழக்குப் போட முடியாது. அவனுக்காக ஒருவர் முன்னே நிற்கணும். மலாயில் அதற்கு வக்கில் லித்திகாசி என்று பேர். நான் சம்மதம் எழுதிக் கொடுக்கணும், லோயர் ஒரு சான்று கொடுக்கணும். அந்தச் சான்றில் ஒரு வரி வரும், கேட்டுக்கோங்க என்று தமிழிலேயே சொன்னார்: இந்த வழக்கில் அவன் நலனுக்கு எதிரான நலன் எதுவும் உங்களுக்குக் கிடையாது.

"கிடையாதுதானேம்மா?"

கிடையாது என்றேன். வரும்போது பஸ் சிம்மோர் தாண்டும் வரைக்கும் அந்த வரிதான் காதில் ஓடியது.

ஜனவரி 20

எதிரான நலன்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். கல்லுமலைக் கோயிலுக்குப் போகவில்லை. நாலு வருஷம் காவடி எடுத்தவன் வீட்டில் இருக்கும்போது நான் போய் யாருடைய காவடியைப் பார்ப்பது? பக்கத்து வீட்டுப் பையன் போனில் உருமி மேளம் வைத்தான். தம்பியின் இடது கால் தாளம் போட்டது. வலது கால் சும்மா இருந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

ஜனவரி 30

ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டான். லோரி ஏற்ற நேரமாகிவிட்டதாம். மூன்றாவது தடவை. அறைக்கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

மனநல டாக்டரிடம் போனோம். அறிக்கை இல்லாமல் விண்ணப்பம் நிற்காது. டாக்டர் நல்ல மனுஷன், அவசரமே படவில்லை. இன்றைக்கு என்ன கிழமை, 100-இலிருந்து 7 போனால் எவ்வளவு, ஒரு கடிகாரம் வரை. தம்பி வட்டம் போட்டான். எண்களை எல்லாம் ஒரே பக்கமாக அடுக்கினான், குலையில் பழம் மாதிரி.

பிரதமர் யார் என்றார். மகாதீர் என்றான்.

இதற்கு மார்க் குறைப்பதா? 2018-இலிருந்து 2022-க்குள் மகாதீர், முகைதீன், இஸ்மாயில் சப்ரி, அன்வார். நல்லா இருந்த நாங்களே குழம்பித்தான் கிடந்தோம். டாக்டரிடம் சொன்னேன், அவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் எதையோ எழுதினார்.

பாரத்தில் இருந்த மலாய் வார்த்தை கெச்செலாருவான் மெந்தல். செலாரு என்றால் சிக்கிப்போனது, குழம்பிப்போனது. நூல்கண்டு சிக்கிக்கொள்கிற மாதிரி. பைத்தியம் என்பதைவிட எவ்வளவோ மேல். இங்கே பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிட வேண்டியதுதானே?" அங்கே உள்ள மனநல ஆஸ்பத்திரி 1911-இலிருந்து இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக ஆட்களுக்கு மருந்து கொடுக்கிறது. நம்ம வாயில் அது இன்னும் ஒரு வசவுதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சீனப் பெருநாள் லீவுக்கு சிங்கப்பூர் சின்னம்மா மகள் வந்தாள். அவள் மாமனார் நன்றாக இருக்கும்போதே ஒரு பத்திரம் எழுதி வைத்தாராம், எனக்குப் புத்தி தடுமாறினால் என் சார்பில் இவர் முடிவெடுக்கலாம் என்று. அங்கே 2008-இல் அதற்கென்றே சட்டம் வந்துவிட்டது. இங்கே அப்படி ஒரு பத்திரம் கிடையாது. இருந்திருந்தாலும் 29 வயதில் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவன் எழுதி வைத்திருப்பானா? நான் இப்போது எழுதுவேனா?

ஆரஞ்சு ஒரு பெட்டி கொண்டுவந்தாள். தம்பி நாலு சாப்பிட்டான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்றைக்கு லோயரம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்தது.

விபத்து நடந்ததிலிருந்து கார்டு காலாவதியாகும் வரைக்கும் தம்பி கார்டில் நான்தான் பணம் எடுத்தேன். நம்பர் அவனே முன்பு சொன்னதுதான், அம்மா பிறந்த வருஷம். பேம்பர்ஸ், பால்மாவு, பிசியோவுக்குப் போக வேன். எல்லாம் அவனுக்குத்தான். ஆனால் போன வருஷம் மழையில் கூரை ஒழுகியபோது 1,800 வெள்ளி எடுத்தேன். கூரைக்குக் கீழே அவன் மட்டுமா படுத்திருக்கிறான்? நானும் அம்மாவும்தான். அப்போ இது எதிரான நலனா?

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"மறைக்காம எழுதிடுங்க. தேதி, தொகை, எதுக்குன்னு. ரசீது இருந்தா ஒட்டுங்க. நாளைக்குக் கமிட்டியாயிட்டா கோர்ட் கணக்கு கேக்கலாம். இப்பவே பழகிக்கோங்க."

வரும் வழியில் 555 புத்தகம் ஒன்று வாங்கினேன். அப்பா காலத்தில் தோட்டத்துக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே உள்ளங்கை அளவுப் புத்தகம். ஒவ்வொரு மாசமும் சம்பள நாளில் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். படிக்கத் தெரியாது, இருந்தாலும் பார்ப்பார். முதல் பக்கத்தில் கூரை 1,800 என்று எழுதினேன். எழுதிய பிறகு எண் இன்னும் பெரியதாகத் தெரிகிறது.

பிப்ரவரி 21

கூரை ரசீது கிடைக்கவில்லை. பூஜை அறை, அரிசி டப்பா, தம்பியின் பழைய ஹெல்மெட்டுக்குள், எங்கும் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

நீல மைக்கு ஆள் கிடைத்தாயிற்று. ஏதோ ஒரு லோயர் ஆபிஸிலிருந்து கடிதம். தம்பி அவர்களை நியமித்திருக்கிறானாம், காப்புறுதி கம்பெனி ஒரு தொகை தர ஒத்துக்கொண்டதாம், குடும்பம் வந்து கையெழுத்துப் போடணுமாம். கூடவே பழைய கடிதத்தின் நகல். கீழே மூலையில் ஒரு பெருவிரல். தேதி ஐசியூ மூன்றாவது நாள். மூக்கிலும் வாயிலும் குழாய் மாட்டியிருந்தவன் எனக்கு இந்த லோயர்தான் வேண்டும் என்று சொன்னானாம்.

கை நடுங்கிவிட்டது. மாமாவைக் கூப்பிட்டேன். "பணம் வருதுல்ல, வாங்கிக்க. இழுத்தா கேஸ் காலாவதியாயிடும்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

லோயரம்மாவிடம் படம் எடுத்து அனுப்பினேன். ராத்திரி ஒன்பதுக்கு அவரே கூப்பிட்டார். நினைவே இல்லாதவன் விரலை வைத்து யாரும் வக்கீல் ஆகிவிட முடியாது. அவனைப் போல ஒருவர் பேரில் யார் சமரசம் பேசினாலும் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தால்தான் செல்லும், அந்த விதி நீதிமன்ற விதிகளின் 76-ஆம் ஓர்டரில் இருக்கிறது. தொகை போதுமா குறைவா என்று நீதிபதிதான் பார்ப்பார். வருகிற பணத்தை எப்படி வைக்கணும் என்பதையும் கோர்ட் சொல்லும், என் கையில் அப்படியே கொட்ட மாட்டார்கள். நல்லது. கொட்டினால் எனக்கே பயம்.

காலாவதி? விபத்திலிருந்து ஆறு வருஷம் இருக்கிறது. புத்தி தடுமாறியவர்களுக்குச் சட்டம் இன்னும் இடம் கொடுக்கிறது, ஆனால் அதை நம்பிப் படுத்துவிடக்கூடாது, ஆறுக்குள் போட்டுவிடணும் என்றார்.

தூங்கப் போகும் முன் தம்பியின் விரலைப் பிடித்துப் பார்த்தேன். நல்ல ஆழமான ரேகை. சுழி நடுவில் சின்ன வெட்டுத் தழும்பு, பழக்குலை முள் குத்தியது.

மார்ச் 6

தாழ்ப்பாள். 555-இல் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மார்ச் 19, செவ்வாய்

பெசுருஜாயா சும்பா, அதாவது சத்தியப் பிரமாண ஆணையர், முன்னால் சத்தியக் கடிதம். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. மாமாவும் ஆட்சேபம் இல்லை என்று ஒன்று கொடுத்தால் நல்லதாம். வரவில்லை. கால் வலியாம்.

அம்மாவுக்கு முழுவதையும் தமிழில் படித்துக் காட்டினார்கள். "என் மகனால் தன் காரியங்களைப் பார்த்துக்கொள்ள இயலாது" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "அவன் சோறு நல்லா இருக்கு இல்லேன்னு சொல்றானே, அது காரியம் இல்லையா?"

யாரும் பேசவில்லை. நான் அம்மா முழங்கையைத் தொட்டேன். கைநாட்டு வைக்கலாம் பாட்டி என்று மை டப்பாவை நகர்த்தினார்கள். அம்மா பேனா கேட்டார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரைக்கும் படித்தவர். தமிழில் ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பேரை எழுதினார். ஒரு நிமிஷத்துக்கு மேலாகியிருக்கும்.

மார்ச் 28

மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கோர்ட்டில் தனியாக அனுமதி கேட்கணும் என்று நான் சொன்ன பிறகு. கால் வலி சரியாகிவிட்டது.

ஏப்ரல் 10

நோன்புப் பெருநாள். எதிர்வீட்டு மக்சிக் ரெண்டாங் கறி கொடுத்தார். தம்பி காரம் என்றான்.

காரம் என்றான். அம்மா என்னைப் பார்த்தார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. கனி கண்டோம். கண்ணாடியில் தம்பி தன்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன தெரிந்ததோ.

எனக்கு ஒன்று தெரிகிறது, இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த ஓர்டர் கிடைத்துவிட்டால் அவன் பேச்சு எங்கும் செல்லாது. காரம் என்று சொல்லலாம், ஆனால் எந்த வீட்டில் இருக்கணும், எந்த டாக்டர், எவ்வளவு பணம், எல்லாம் நான். அவனுக்காகத்தான் கேட்கிறேன். ஆனாலும் அவனிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். லோயரம்மாவிடம் கேட்டேன், அவனுக்கு எது வேணும் எது வேணாம் என்று நீங்க கேளுங்க, எழுதி வையுங்க, அது சட்டத்துக்கு மேலே உள்ளது என்றார். 555-இல் பின்பக்கமிருந்து தொடங்கியிருக்கிறேன். காரம் வேணாம். ஃபேன் வேணும். கதவு திறந்து இருக்கணும்.

ஏப்ரல் 29

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். வாசல் கதவில் கோயில் மணி ஒன்று கட்டியிருக்கிறேன். தொட்டால் நான் விழித்துக்கொள்வேன்.

ஏப்ரல் 30

ராத்திரி ஐந்து தடவை மணி. பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

மே 9, வியாழன்

விசாரணைத் தேதி வந்துவிட்டது, 16. நீதிபதி அவனை நேரில் பார்க்க விரும்புகிறார். அந்தப் பழைய கடிதத்தை வைத்து லோயரம்மா போலீஸில் புகார் கொடுக்கச் சொன்னார், கொடுத்தாயிற்று.

நீதிபதி என்ன கேட்பார் என்றேன். சும்மா பேர் கேட்கலாம், அக்கா யார் என்று கேட்கலாம் என்றார். அதிலிருந்து ஒரு ஆசை, சொன்னால் சிரிப்பார்கள். அவன் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடணும். எங்கள் விண்ணப்பம் தள்ளுபடியாகணும்.

மே 15, புதன்

வேன்காரர் ஆறரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ரயில் ஸ்டேஷன் பக்கம், பெரிய வெள்ளைக் கட்டடம். சாய்தளம் எந்த வாசலில் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். 555, ஓகேயூ (மாற்றுத்திறனாளி) கார்டு, பேம்பர்ஸ் 3, பிஸ்கட், துண்டு.

நாளைக்கு ஈப்போ போறோம் என்று தம்பியிடம் சொன்னேன். ஏன் என்றான். ஒரு ஐயா உன்னைப் பார்க்கணுமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"லோரி?"

"லோரி நாளைக்கு லீவு."

தலையாட்டினான். அவன் வெள்ளைச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தானைக் காணோம். அம்மா டப்பாவைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறார்.