எர்த் எங்கே அடிப்பது?

இவ்வாண்டு தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நாங்கள் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில், காவடிப் பாட்டையும் மீறி ஒலிபெருக்கி உறுமிக்கொண்டே இருந்தது. மிக்சருக்கு ஜெனரேட்டரிலிருந்தும் ஆம்ப்ளிஃபயருக்கு எதிர்க்கடையிலிருந்தும் மின்சாரம் எடுத்திருந்தோம். ஒன்றோடொன்று இணைந்திருந்த இவ்விரண்டின் எர்த்தும் (மின்சுற்றை நிலத்தோடு இணைக்கும் கம்பி) வெவ்வேறு இடத்தில் மண்ணைத் தொட்டதால் வந்த வினை அது. இரண்டையும் ஜெனரேட்டருக்கே மாற்றியதும் உறுமல் அடங்கிவிட்டது.

மண் எங்கும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. 1870-இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்ட காலத்திலேயே பொறியாளர்கள் இதனுடன் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அக்கம்பிகளுக்குள் இருந்தது ஒற்றைச் செப்புக் கடத்தி. மின்சாரம் திரும்பி வருவதற்கு நிலமும் கடலுமே வழி. ஆகவே இரு கரைகளின் மண்ணுக்கிடையே அழுத்தம் மாறினால், யாரும் அனுப்பாத மின்னோட்டம் கம்பிக்குள் புகுந்துவிடும். 1859 செப்டம்பரில் பூமியின் காந்தப்புலத்தையே உலுக்கிய காந்தப் புயலின்போது, அமெரிக்காவில் சில தரைவழித் தந்திகள் மின்கலமே இல்லாமல் அந்த ஓட்டத்தைக் கொண்டே இயங்கின.

கடற்கம்பியில் இது கூடுதல் தொல்லை. செம்பைச் சுற்றி கெத்தா பெர்ச்சா உறை (நம் தோட்டத்துக் கித்தா, அதாவது ரப்பர், அன்று; இதே மலாய் மண்ணின் வேறொரு மரத்துப் பால்), அதற்கு வெளியே கடல்நீர் என்று கம்பி முழுவதுமே மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் ஒரு நீண்ட மின்தேக்கியாகிவிடுவதால், நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்காகி, குறிகள் ஒன்றோடொன்று கரைந்து வந்து சேரும். அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நம்பிய அட்லாண்டிக் தந்தி நிறுவனத்தின் மின்னியலாளர் வைல்ட்மன் ஒயிட்ஹவுஸ், 1858-இல் இடப்பட்ட அதன் கம்பிக்கு ஏறத்தாழ 2,000 வோல்ட் கொடுத்தார். சில வாரங்களில் அது செத்தது. இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் மாறாக, மெலிந்த ஓட்டத்தையும் உணரும் கண்ணாடிக் கால்வனாமீட்டரைச் செய்தார். என் பார்வையில் அதுவே சரியான வழி. ஆனால் காது கூர்மையானால் இரைச்சலும் கேட்கத்தானே செய்யும்?

மண்ணிலிருந்து புகுந்து மெதுவாக மாறும் ஓட்டத்தைக் கம்பியின் முனையில் வைத்த மின்தேக்கிகள் தடுத்தன. 1890-களில், கடற்கம்பி கரையேறிய தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம்களோ நொடிக்கு நொடி மாறும் ஓட்டத்தை மண்ணில் கசியவிட்டு, வந்து சேரும் குறிகளைத் தாளில் வரையும் சைஃபன் ரெக்கார்டரின் மைக்கோட்டையே குலைத்தன. அதற்குத் தீர்வாக, கரையோரப் பகுதியில் இரட்டைக் கடத்திக் கம்பி இட்டு, எர்த்தை நகர மண்ணில் அடிக்காமல், இரண்டாவது கடத்தியின் வழியே டிராம் தண்டவாளத்தின் தொல்லை எட்டாத தொலைவில் கடலுக்குள் கொண்டுபோய் இணைத்தார்கள்.