நட்டைச் சுற்றித் துருப்பொடி

மாமாவின் பழைய டிராக்டர் இன்று களத்துக்குள் திரும்பும்போது பின்சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாக ஆடின. "டயர் தேஞ்சிருக்கும்" என்றார் மாமா.

மெக்கானிக் அண்ணன் டயரைத் தொடவே இல்லை. டிஸ்க்கின், அதாவது ரிம்மை அச்சோடு இணைக்கும் இரும்புத் தட்டின், நடுவே இருக்கும் நட்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றைச் சுற்றியும் செந்நிறப் பொடி, கோடாகக் கீழே வழிந்திருந்தது.

"இரும்பும் இரும்பும் உரசினாத்தான் தம்பி இது வரும். இறுகின நட்டுல வராது."

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் அச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்தோம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். டிஸ்க் ஆடியது, அது பொருந்தியிருக்கும் அச்சு முனையான ஹப் அசையவில்லை. ஹப்பும் ஆடியிருந்தால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். அடுத்து சக்கரத்தைச் சுற்றவிட்டு ரிம் ஓரமாகச் சாக்பீஸ் பிடித்தார். ரிம்மில் நெளிவில்லை.

கழற்றினால் டிஸ்க் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. இந்த நிலையில் நட்டை மட்டும் இறுக்குவது வீண். இரண்டு பக்கமும் வேறு டிஸ்க், புது ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்), புது நட்டு. ஹப் முகத்தில் துருவைச் சுரண்டி, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கினார்.

பழைய வண்டி, அப்படித்தான் ஆடும் என்று விடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்து மட்கார்டில்தான் நம் பிள்ளைகளை உட்காரவைத்துக் கூட்டி வருகிறோம். முதலில் அங்கே உட்காரவைப்பதை நிறுத்த வேண்டும்.

சில மணி நேரம் உழுத பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லியிருக்கிறார். நாளை மதியம் ஸ்பேனரோடு போகிறேன்.