பட்டைகள் ஒன்றாக இருந்தன

“அப்படியென்றால் என்னுடைய பயறும் விவசாயக் கந்தோரில் தந்த பயறும் ஒன்றுதானே, தம்பி?”

மட்டக்களப்பின் படுவான்கரையில் அந்த அம்மா இப்படிக் கேட்டபோது, “எங்கள் சோதனையில் வேறுபாடு தென்படவில்லை, அம்மா” என்றேன். அந்தப் பதில் சரியானது. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற எனக்கு மனமில்லை. ஆனால் அதைக் கேட்டு அவர் தலையசைத்ததும், பக்கத்தில் நின்ற மாணவி என் முகத்தைப் பார்த்ததும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகின்றன.

மாணவியின் இறுதியாண்டு ஆய்வு அது. அவரைக் குடும்பத் தாவரங்களின் உறவுமுறையை விதைப் புரதங்களைக் கொண்டு கண்டறிய வேண்டும். பயறு, உழுந்து, கௌபி, பயிற்றை, போஞ்சி, கொள்ளு, அவரை எல்லாம் சேர்த்திருந்தாள். இலையின் புரதங்கள் வயதோடும் வெயிலோடும் மாறும். விதையில் சேமிக்கப்படும் புரதம் அப்படியல்ல. மழை பிந்தினாலும் உரம் குறைந்தாலும் அதன் அளவுதான் கூடிக் குறையும். எந்தெந்தப் புரதங்கள் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரையலகுகளே தீர்மானிக்கின்றன. மாவாக்கிய விதையை எஸ்டிஎஸ் என்ற சவர்க்காரப் பொருளுடன் கொதிக்கவைத்து, ஜெல்லில் இட்டு மின்சாரம் செலுத்தினால் சிறிய புரதங்கள் முந்தும், பெரியவை பிந்தும். கூமாசி நீலத்தில் சாயமேற்றியதும் பட்டை பட்டையாகத் தெரியும். பட்டை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்த எண்களிலிருந்து உறவு மரத்தை வரையலாம்.

அவளுடைய மரம் அழகாக வந்தது. கௌபியும் பயிற்றையும் ஒட்டி நின்றன. அவை ஒரே இனத்தின் இரண்டு உட்பிரிவுகள்தான். பயறும் உழுந்தும் ஒரு கிளையில் சேர்ந்தன. ஒருகாலத்தில் இவ்விரண்டையும் போஞ்சியுடன் பேசியோலஸ் பேரினத்தில் வைத்திருந்தார்கள். பிறகுதான் கௌபி இருக்கும் விக்னாவுக்கு மாற்றினார்கள். எங்கள் ஜெல்லிலும் போஞ்சி தள்ளியே நின்றது. தாவரவியலாளர்கள் பூவையும் காயையும் மகரந்தத்தையும் பார்த்துச் சொன்னதை ஒரு நீலப் பட்டை வழிமொழிவதைக் காணும் மகிழ்ச்சி எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் குறைவதில்லை.

சிக்கல் பயற்றுக்குள்தான் இருந்தது. அந்த அம்மா தன் தாயிடமிருந்து வந்ததென்று சாம்பல் கலந்து பானையில் காத்துவந்த பயறும், கந்தோரில் தந்த எம்.ஐ. 6 என்ற விதையும் பட்டைக்குப் பட்டை ஒத்துப்போயின. “இரண்டும் ஒரே வகை” என்று மாணவி எழுதினாள். அதை வெட்டி, “இம்முறையால் வேறுபடுத்த முடியவில்லை” என்று திருத்தினேன். அவள் விடவில்லை.

“போஞ்சியில் முடிந்ததே, சேர்?”

நியாயமான கேள்விதான். போஞ்சி விதையின் சேமிப்புப் புரதமான பேசியோலினைக் கொண்டே அது மத்திய அமெரிக்காவிலும் அந்தீஸ் மலைப்பகுதியிலும் தனித்தனியாகப் பயிராக்கப்பட்டது என்பதற்கு 1986இல் பயிர் ஆய்வாளர் போல் கெப்ட்ஸ் குழுவினர் சான்று காட்டினார்கள். ஆனால் அந்த இரண்டு காட்டுப் போஞ்சிக் கூட்டங்களும் மனிதன் கை வைப்பதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்தவை. இங்குள்ள இரண்டு பயறுகளுக்கிடையே அப்படியொரு நெடும்பிரிவு இருக்க வாய்ப்பில்லை. அத்திவாரக் கல்லைப் பார்த்து வீடு எந்தக் காலத்தது என்று சொல்லலாம். அடுப்பில் என்ன கறி கொதிக்கிறதென்று சொல்ல முடியாது. அந்த அம்மாவின் பயற்றில் காய்கள் ஒரேயடியாக முற்றுவதில்லை. நாள்விட்டு நாள் பறிக்க வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்துச் செய்பவருக்கு அது குறை. தனியாளாக வீட்டுத் தேவைக்குப் பறிப்பவருக்கு அதுவே வசதி. இடையில் ஒரு மழை விழுந்தாலும் எல்லாக் காயும் கெட்டுவிடாது என்று அவரே எங்களிடம் சொல்லியிருந்தார். பூக்கும் காலத்தையும் முற்றும் விதத்தையும் ஆளும் பரம்பரையலகுகள் வேறு. சேமிப்புப் புரதம் அவற்றுக்குச் சாட்சி சொல்லாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மாணவி அமைதியாகச் சொன்னாள்: “இந்த விளக்கத்தை அந்த அம்மாவிடமும் சொல்லியிருக்கலாமே, சேர்.”

களத்துமேட்டில் நின்றுகொண்டு எவ்வளவைத்தான் விளக்குவது? நான் பொய் சொல்லவில்லை. ஆய்வேட்டில் எழுதச் சொன்ன அதே கருத்தைத்தான் அவரிடமும் சொன்னேன். ஆனால் ஆய்வேட்டைப் படிப்பவருக்கு ‘இம்முறையால்’ என்பதன் எல்லை தெரியும். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒருவரிடம் தன் விதையைப் பற்றிக் கேட்கும் பெண்ணுக்கு அது தீர்ப்பு. அவர் கேட்டது பரிணாம உறவை அல்ல. இந்தப் பானையைத் தொடர்ந்து வைத்திருக்கலாமா என்றுதான் கேட்டார். நான் அதற்குப் பதில் சொல்லவேயில்லை. சொல்லும் தகுதி எனக்கு இருந்ததா என்றும் தெரியவில்லை. அந்த வயலில் நான் ஒரு போகமும் செய்தவனல்ல.

அடுத்த போகத்தில் அவர் கந்தோர் விதையை மட்டும் விதைத்ததாக மாணவி வந்து சொன்னாள். இரண்டும் ஒன்றென்றால் தனியாக வைப்பானேன் என்றாராம். அந்த ஆண்டு பானையில் வண்டு விழுந்ததாகவும் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையானால் என் வார்த்தைக்கும் நடந்ததற்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். அப்படி எண்ணுவது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதாலேயே அதை நம்பத் தயங்குகிறேன்.

மாவாக்கியது போக, அவருடைய பயற்றில் ஒரு கைப்பிடி ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டியில் மிஞ்சியிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுப்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கொடுக்கும்போது என்ன சொல்வது என்பதில்தான் இழுபறி. “இது வேறு பயறு, அழியவிடாதீர்கள்” என்று சொல்ல வேண்டும் என்கிறாள் அவள். சான்றில்லாமல் என்னால் அப்படிச் சொல்ல முடியாது. சான்று வரும்வரை அந்த விதை காத்திருக்குமா என்று அவள் கேட்கிறாள்.