பயாப்சி ரிப்போர்ட்டில் ‘2/18’ என்று இருந்தால்

புரோஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ஆண் சுரப்பி) புற்றுக்கு அறுவை செய்து சுரப்பியை அகற்றும்போது, பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்துச் சோதிப்பார்கள். அந்த ரிப்போர்ட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். அதே மாதிரி நிணநீர்க் கணுக்கள் இடுப்புக்குள்ளும் இருக்கின்றன. பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி, கைக்கு எட்டாத ஆழத்தில். புரோஸ்டேட் புற்று பெரும்பாலும் முதலில் போய்ச் சேர்வது அங்கேதான். தொடையிடுக்கைத் தடவிப் பார்த்து ஒன்றும் தட்டுப்படவில்லை என்று நிம்மதி அடைய முடியாது. புரோஸ்டேட் புற்றைத் தேடிக் காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன்கூடச் சில மில்லிமீட்டர் அளவுள்ள படிவுகளைத் தவறவிடும். எடுத்த கணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி.

‘2/18’ என்றால் 18 கணுக்களை எடுத்தார்கள், இரண்டில் புற்று இருந்தது. கீழே உள்ள எண்ணையும் கவனியுங்கள். 0/3, 0/20 இரண்டுமே ‘பி.என்.0’தான் (pN0, பார்த்த கணுக்களில் புற்று இல்லை), ஆனால் மூன்றே கணுக்களைப் பார்த்துச் சொன்ன பூஜ்யத்துக்கு வலு குறைவு. ‘பி.என்.எக்ஸ்’ (pNX) என்றால் கணுக்களைச் சோதிக்கவே இல்லை என்று பொருள். பரவவில்லை என்று பொருள் அல்ல.

ஒரு கணுவில் இருந்தாலும் ‘பி.என்.1’ (pN1). வகைப்பாட்டில் அது 4ஏ நிலை. ‘நாலாவது ஸ்டேஜ்’ என்ற சொல்லைக் கேட்டதும் வீடே இடிந்துபோகிறது. எலும்புக்குப் பரவிய 4பி வேறு, இது வேறு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், கணுக்களில் புற்று இருந்தும் அறுவைக்குப் பின் உடனே ஹார்மோன் சிகிச்சை (ஆண் ஹார்மோனை அடக்குவது) தராமல் கவனித்த 369 பேரில், 10 ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 60 சதவீதம். பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதம்) ஏறாமலே இருந்தவர்கள் 28 சதவீதம். ஒன்றிரண்டு கணுக்களோடு நின்றவர்களுக்கு நிலைமை இன்னும் மேல். கிளீசன் (புற்றின் தீவிரத்தைச் சொல்லும் மதிப்பெண்) 8 அல்லது அதற்கு மேல், விந்துப்பைக்குள் பரவல், வெட்டிய ஓரத்தில் புற்று, இவை சேரச் சேர ஆபத்து கூடும்.

ரிப்போர்ட்டுக்கு அடுத்து முக்கியமானது அறுவைக்குப் பிந்தைய முதல் பி.எஸ்.ஏ. அது ரத்தத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே இரண்டாம் வாரம் பார்த்துப் பயப்பட வேண்டாம். 6 முதல் 8 வாரத்தில் பாருங்கள். அப்போதும் 0.1க்குக் (நானோகிராம்/மி.லி.) கீழே வராவிட்டால் புற்று எங்கோ மிச்சமிருக்கலாம். அடியில் போய்விட்டு மறுபடி ஏறி, இரண்டு முறை 0.2ஐத் தொட்டால் திரும்பி வந்ததாகக் கணக்கு. எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். லேப் மாறினால் 0.05க்கும் 0.09க்கும் உள்ள வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

ஹார்மோன் ஊசியை உடனே போடுவதா, பொறுப்பதா? 98 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையில் உடனே தொடங்கியவர்களில் பாதிப் பேர் 13.9 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள், தள்ளிப்போட்டவர்களுக்கு 11.3. ஆனால் அதில் தள்ளிப்போட்டது, எலும்பிலோ உடலிலோ நோய் வெளிப்படும்வரை. இன்று யாரும் அவ்வளவு காத்திருப்பதில்லை. ஓரிரு கணுக்கள், பி.எஸ்.ஏ. அடியில் என்றால் நெருங்கிக் கண்காணிப்பது நியாயமான வழி. கணுக்கள் கூடினால், மற்ற குறிகளும் மோசமாக இருந்தால், ஊசியோடு இடுப்புக்குக் கதிர்வீச்சும் சேர்ப்பதைப் பேசுங்கள். சிறுநீர்க் கட்டுப்பாடு ஓரளவு திரும்பிய பிறகு கதிர்வீச்சைத் தொடங்குவது நல்லது. ஊசி நீளும் என்றால் எலும்பு அடர்த்தி, சர்க்கரை இரண்டையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. கணுக்களை எடுத்த இடத்தில் நிணநீர் தேங்கிப் பை போலாகி சிரையை அழுத்தலாம். சிரைக்குள் ரத்தமும் உறையலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால், அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காமல் அன்றே டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்.